ஒரு வீட்டின் இரு பாவலர்: பிளவக்கல் அடிவாரத்திலிருந்து வில்லிபுத்தூர் வரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மேற்குத்தொடர்ச்சி மலை சமவெளியை விட்டு நேராக எழும் இடத்தில், பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு மலையாறுகளின் குறுக்கே 1970களில் எழுப்பப்பட்ட இரு அணைகளும் சேர்ந்து பிளவக்கல் அணைகள் என்று வழங்கப்படுகின்றன. பெயர் ஒன்றாயிருப்பினும் இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு. இது கிழக்கு நோக்கி ஓடி, அர்ஜுனா நதியோடு கலந்து, வைப்பாறாக விரிந்து மன்னார் வளைகுடாவை அடையும் நீர்வழியின் தலைப்பகுதியாகும். பெரியாறு அணை 47 அடிக்குச் சற்று மேலும் கோவிலாறு அணை 42 அடிக்குச் சற்று மேலும் நீர் தேக்கும் அளவுடையவை. தமிழகத்துப் பெரிய அணைகளோடு வைத்து எண்ணத் தக்கவை அல்ல என்றாலும், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, கான்சாபுரம், மகாராஜபுரம் ஆகிய ஊர்களின் நெல்வயல்கள் இவற்றின் மடை திறப்பை எதிர்பார்த்தே நாற்றங்கால் போடுகின்றன. வில்லிபுத்தூர்க் கோயிலையும் அதன் பாடல்களையும் காண வருவோர் பெரும்பாலும் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் வந்து கோபுரத்தடியில் இறங்கி, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அப்பாடல்கள் எந்த நீரால், எந்த வயலால் ஆனவை என்பதை அறிய விரும்புவோர்க்குப் பயணத்தை மலையடிவாரத்திலிருந்து தொடங்கி, நீர் செல்லும் திசையிலேயே ஊரை நோக்கி வருவதுதான் ஏற்ற வழி.

இந்த அடிவாரம் தென்மேற்குப் பருவமழையை மலைக்கு அப்பால் கேரளத்திற்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும் மேகங்களையே பெரிதும் நம்பியிருப்பது. அம்மழை மலைமுகத்தில் மோதிப் பொழியும்போது ஆறுகள் ஓரிரு நாளில் பெருகி, அணை நிரம்பி, பின்பு கண்மாய் கண்மாயாக நீர் இறங்குகிறது. கண்மாய் என்பது பாண்டிநாட்டில் ஏரியைக் குறிக்கும் சொல். மேலுள்ள கண்மாய் நிறைந்து அதன் கலிங்கு வழியே வழியும் நீர் கீழுள்ள கண்மாயை அடைவதை இப்பகுதி உழவர்கள் மறுகால் பாய்தல் என்பர். ஆகவே மார்கழி பிறக்கும்போது, பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்க, கண்மாய்கள் ததும்ப, நடவு முடிந்த பயிர் இடுப்பளவு உயர்ந்து நிற்க, ஆண்டின் மிகச் செழிப்பான தோற்றத்தை இந்நிலம் பெறுகிறது. 2025ஆம் ஆண்டில் கூமாப்பட்டியைப் பற்றிய சிறு காணொளிகள் இணையத்தில் பரவி, அதுவரை பக்கத்து மாவட்டத்தாருக்கே தெரியாதிருந்த ஊருக்குத் தமிழகமெங்குமிருந்து மக்கள் திரண்டது பலருக்கு நினைவிருக்கும். வந்தவர்களுள் சிலர் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று வருந்திச் சென்றனர். அவர்கள் வந்தது கோடை முடிந்த வறட்சிக் காலத்தில் என்பதே அதற்குப் பெருங்காரணம். இதே நிலத்தை மார்கழியில் கண்டவர் ஒருவர் ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் அதைப் பாடிவைத்தார்; அப்பாட்டு இன்னும் விடியற்காலையில் தமிழ் வழங்கும் இடமெங்கும் ஒலிக்கிறது. அவர் தனித்து நின்ற பாவலரல்லர், ஓர் இணையின் பாதி.

சொல்லையும் இசையையும் தாமே ஆக்கிப் பாடுவோரை இசைநூலார் வாக்கேயகாரர் என்பர். அத்தகையோர் இருவர் இணைந்து, ஒருவர் பாட்டுக்கு மற்றவர் பாட்டு மறுமொழியாக அமையும்படி வாழ்நாளெல்லாம் இயற்றுவது எந்நாட்டிலும் அரிது. இக்காலத்தில் ஜப்பானில் அத்தகைய இணைகள் பெரும்புகழ் பெற்றிருக்கின்றன. யோகோஹாமா நகரின் கடைத்தெரு ஒன்றில், இரவில் மூடிய அங்காடி ஒன்றின் வாசலில் நின்று பாடத் தொடங்கிய யூசு என்னும் இருவர் 1990களின் இறுதிக்குள் நாடறிந்த பாடகராயினர். தமிழில் அத்தகைய இணையைத் தேடுவோர் திரையிசையின் இரட்டையரிடமே முதலில் செல்வது இயல்பு. ஆனால் மெல்லிசை மன்னர்களாகிய விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்தனரேயன்றிப் பாடல்களின் சொல் பிறருடையது. சொல்லும் பாட்டும் ஒரே வீட்டில் பிறந்து, இருவர் வாயிலிருந்து வந்து, ஒன்றையொன்று தொடர்ந்து சென்ற இணை என்று கொள்ளத்தக்கவர் பெரியாழ்வார் என வழங்கும் விட்டுசித்தரும் அவர் மகள் கோதையாகிய ஆண்டாளுமே. ஆழ்வார் பன்னிருவருள் தந்தையும் மகளுமாக அமைந்தவர் இவ்விருவர் மட்டுமே. திருப்பல்லாண்டு 12, பெரியாழ்வார் திருமொழி 461, திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என இவ்வீடு தமிழுக்குத் தந்த பாசுரங்கள் மொத்தம் 646. பாசுரம் என்பது வைணவ மரபில் ஆழ்வார் அருளிய செய்யுளுக்குப் பெயர்.

வத்திராயிருப்பிலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்கு வரும் சாலையின் இருபுறமும் மார்கழியில் விரியும் காட்சியோடு திருப்பாவையின் மூன்றாம் நான்காம் பாசுரங்களை வைத்துப் பார்க்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. மூன்றாம் பாசுரம் மாதத்திற்கு மூன்று மழை தீங்கின்றிப் பெய்வதையும், ஓங்கிய செந்நெல்லின் ஊடே கயல் துள்ளுவதையும், குவளைப் பூவில் வண்டு உறங்குவதையும், பசுக்கள் குடம் நிறையப் பால் சுரப்பதையும் ஒரே மூச்சில் அடுக்குகிறது. நான்காவது, மேகம் கடலுள் புகுந்து நீரை முகந்து, முழங்கி ஏறி, உடல் கறுத்து, மின்னி, அதிர்ந்து, அம்புமழையெனப் பொழிவதை வரிசை பிறழாமல் சொல்கிறது. பாவை நோன்பின் களமாகக் கற்பிக்கப்படுவது யமுனைக்கரை ஆயர்பாடி. ஆனால் வட இந்தியாவில் மார்கழி குளிர்ந்து வறண்டிருக்கும் மாதம். வயலில் நீர் நின்று மீன் துள்ளும் மாதம் அன்று. கிழக்குக் கடலில் எழுந்து மேற்கு மலையில் மோதும் மேகமும், மார்கழியில் நீர் நிற்கும் நெல்வயலும் வைப்பாற்றுப் படுகைக்கு உரியவை. வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், வடபெருங்கோயில் எனப்படும் வடபத்ரசாயி கோயிலையே நந்தகோபன் மாளிகையாகவும், திருமுக்குளம் என்னும் குளத்தையே நீராடு துறையாகவும் கோதை பாவித்தாள் என்று மரபு கூறுவது பக்திக் கற்பனை என்று தள்ளத்தக்கதன்று. பாசுரத்தின் மழையும் நெல்லும் அதற்குச் சான்று நிற்கின்றன. நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில், மழைக்குப் பின் சோலைமலையெங்கும் செந்தூரப் பொடி தூவியதுபோல் பரந்த இந்திரகோபம், அதாவது தென்மாவட்ட மக்கள் தம்பலப்பூச்சி என்று கூறும் பட்டுச்சிவப்பான சிற்றுயிர், வருவதும் கண்ணால் கண்டவர் கூற்றே.

இவர்கள் காலம் குறித்து ஆய்வாளர் கருத்துகள் ஒன்றுபட்டில்லை. எட்டாம் நூற்றாண்டென்பாரும் ஒன்பதென்பாரும் உளர். திருப்பாவையின் 13ஆம் பாசுரத்தில் வெள்ளி எழுவதும் வியாழன் மறைவதும் ஒரே விடியலில் நிகழ்வதாகக் கூறப்படுவதைக் கொண்டு, மு. இராகவையங்கார் வானியல் கணக்கிட்டு அந்நாள் கி.பி. 731இல் அமைந்தது என்று முடிவு செய்தார். விடியலை உணர்த்தும் கவிதைக் குறிப்பை நாட்காட்டியாகக் கொள்ளலாமா என்னும் தடை அப்போதே எழுந்தது, அத்தடையில் நியாயமுண்டு. அதைவிட உறுதியான பிடி, தந்தை தம் பாசுரத்தில் தென்கூடல் அரசனாகிய நெடுமாறனைப் பெயர் சொல்லிக் குறிப்பதும், திருக்கோட்டியூர்த் தலைவரான செல்வநம்பியைப் பல்லாண்டில் போற்றுவதும் ஆகும். பாண்டியர் அரசவையோடு தொடர்புடைய ஒரு மனிதர், சிற்றூர்க் கோயிலொன்றில் பூந்தோட்டம் வைத்து மாலை கட்டினார் என்பது வரையில் வரலாறு உறுதியாகச் சொல்கிறது. மகளைப் பற்றியோ இன்னும் கடினமான கேள்வி எழுந்தது: ஆண்டாள் என்றொருத்தி இருந்ததில்லை, பெரியாழ்வாரே தம் நாயகி பாவத்திற்குப் படைத்துக்கொண்ட பெயர் அது என்று ராஜாஜி கருதினார். நாயகி பாவம் என்பது பாடுவோர் தம்மைத் தலைவியாக வைத்து இறைவனைக் காதலிக்கும் முறை. இரு தொகுதிகளையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு இக்கருத்தை ஏற்பது அரிது. தந்தையின் குரல் குழந்தையைச் சுற்றியே வட்டமிடுவது, அஞ்சுவது, காப்பிடுவது. மகளின் குரல் கேட்பது, கடிவது, தன்னுடலின் வேட்கையை ஒளிக்காமல் சொல்வது. ஒரே கை இரண்டையும் எழுதியிருக்குமாயின் அது உலக இலக்கியத்தில் பெரும் வியப்பாகும். இரு கைகள் எழுதின என்று கொள்வதே எளிய உண்மை.

கிருஷ்ணன்கோவிலில் நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினால், வெகுதொலைவிலேயே வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் தென்படத் தொடங்குகிறது. 190 அடிக்கு மேல் உயர்ந்த இக்கோபுரத்தில் சுதைச் சிற்பங்கள் குறைவு. ஆகையால் கோபுரத்தின் கோட்டுருவமே கண்ணில் நிற்கிறது. உள்ளே பள்ளிகொண்ட வடபத்ரசாயியையும், தனிக் கோயிலில் ஒரே கருவறையில் நிற்கும் ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் கருடனையும் காணலாம். இவ்விரு கோயில்களுக்கும் இடையில், துளசிப் பாத்தியில் குழந்தை கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் நந்தவனம் இருக்கிறது. இந்த இணையின் தொழில் வாழ்வு தொடங்கியது பாட்டில் அன்று, இத்தோட்டத்தில்தான் என்பதை மறக்கலாகாது. செடிக்கு நீர் பாய்ச்சுவது, விடியுமுன் பூக் கொய்வது, நாரில் தொடுப்பது ஆகிய அன்றாட வேலையைத் தந்தை செய்ய, மகள் உடனிருந்து கற்றாள். தொடுத்த மாலையை இறைவனுக்கு முன் அவள் சூடிப் பார்த்ததும், தந்தை அறிந்து வருந்தியதும், சூடிய மாலையே தனக்கு வேண்டும் என்று இறைவன் உணர்த்தியதும் தமிழர் அனைவரும் அறிந்த கதை. அக்கதை இன்றும் ஒரு பயணமாக நடந்துவருகிறது: சித்திரைத் திருவிழாவில் மதுரையில் அழகர் வைகையில் இறங்குவதற்கும், புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் திருமலையில் கருடசேவைக்கும் இக்கோயிலில் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை எடுத்துச் செல்லப்படுகிறது. நாள்தோறும் ஆண்டாள் கையில் வைக்கப்படும் கிளியும் இலைகளால் புதிதாகக் கட்டப்படுவது. அதன் அலகு மாதுளம்பூ. பூவேலையிலிருந்து பிறந்த பாட்டுகளுக்குப் பூவேலையே இன்றும் துணையாயிருப்பது இவ்வூரின் தனிச்சிறப்பு.

குருபரம்பரை நூல்கள், அதாவது ஆழ்வார் ஆசாரியர் வரலாற்றைச் சொல்லும் மரபு நூல்கள், விட்டுசித்தர் மதுரைக்குச் சென்று பாண்டியன் அவையில் பரம்பொருள் யார் என்னும் வாதத்தில் வென்று பொற்கிழி பெற்றதாகவும், யானைமேல் நகர்வலம் வரும்போது வானில் திருமாலைக் கண்டு, அவ்வழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று அஞ்சிப் பல்லாண்டு பாடியதாகவும் கூறும். கடவுளிடம் காப்புக் கேட்பது உலக வழக்கு. கடவுளுக்கே காப்பிட்டது இவருடைய புதுமை. அந்த அச்சம்தான் பின்பு கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடிய பதிகங்களுக்கெல்லாம் ஊற்று. அவற்றின் வடிவங்களைப் பாருங்கள்: தாலாட்டு, நிலாவை அழைத்தல், செங்கீரை ஆடுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை, முதுகைக் கட்டிக்கொள்ளுதல், பூச்சாண்டி காட்டுதல், காது குத்துதல், நீராட்டுதல், தலை வாரக் காக்கையை அழைத்தல், பூச்சூட்டல், அந்திக் காப்பு. இவற்றுள் எதுவும் அரசவையில் கற்றதன்று. தொட்டிலருகிலும் திண்ணையிலும் தாய்மாரும் பாட்டிமாரும் பாடியவை. தாலாட்டுப் பதிகத்தில் தேவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டிலும் அரைஞாணும் சங்கும் வளையும் அனுப்புகின்றனர். நாட்டார் தாலாட்டில் தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையை அடுக்கும் முறையே அது, மாமன் இருக்கும் இடத்தில் பிரமனும் இந்திரனும் நிற்பது மட்டுமே வேறுபாடு. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்று புலவர்கள் பத்துப் பருவமாக வகுத்துக்கொண்ட சிற்றிலக்கியத்திற்கு இப்பதிகங்கள் முன்னோடி என்று இலக்கிய வரலாற்றாசிரியர் கூறுவது சரியே. ஆனால் பிள்ளைத்தமிழின் இலக்கணத்திற்கு அடங்காத விளையாட்டும் ஈரமும் இங்குண்டு.

மகளும் அதே ஊற்றிலிருந்தே எடுத்தாள். ஆனால் தாய்மாரின் பாட்டுகளை அன்று, சிறுமியரின் விளையாட்டுகளை. மணலில் வீடு கட்டுவதும் அதைப் பையன் ஒருவன் காலால் சிதைப்பதும் ஒரு பதிகம்; கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து அதன் முனைகள் கூடினால் நினைத்தது நடக்கும் என்று குறிபார்க்கும் கூடல் இழைத்தல் ஒரு பதிகம்; குளத்தில் குளிக்கும்போது சேலைகளைக் கவர்ந்தவனிடம் கெஞ்சுவது ஒன்று; குயிலை விளிப்பது ஒன்று; மேகத்தைத் தூது விடுப்பது ஒன்று; திருமணக் கனவைச் சடங்கு சடங்காகத் தோழிக்குச் சொல்லும் வாரணமாயிரம் ஒன்று. பதிகந்தோறும் இறுதிப் பாசுரத்தில் அவள் தன்னைக் குறிப்பிடும் முறை கருதத்தக்கது. பட்டர்பிரான் கோதை, விட்டுசித்தன் கோதை என்று தந்தை பெயரை முன்வைத்தே தன் பெயரைப் பொறிக்கிறாள். தன்னை ஒரு இணையின் பாதி என்று அவளே அறிவித்த கையொப்பம் அது.

இணைப்பாடல் என்பது வெறும் உறவுமுறையால் அமைவதன்று. பாட்டின் கட்டமைப்பிலேயே இரு குரல் இருக்க வேண்டும். தந்தையின் திருமொழியில் மூன்றாம் பத்தில் உந்திபறத்தல் என்றொரு பதிகம் உண்டு. அது பெண்கள் இரு அணியாகப் பிரிந்து எழும்பிக் குதித்துப் பாடும் விளையாட்டு. ஓர் அணி கண்ணன் புகழைச் சொல்ல மற்றோர் அணி இராமன் புகழைச் சொல்லி எதிர்நிற்கிறது. நான்காம் பத்தின் முதற்பதிகத்தில், தேடுகிறவர்களே, அவனைக் கண்டவர் இருக்கின்றனர் என்று ஒரு குரல் அடையாளங்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. அங்கே தேடுவோர் பேசவில்லை. அவர்களுடைய கேள்வி நம் ஊகத்திற்கு விடப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வியை மகள் தன் நாச்சியார் திருமொழியின் கடைசிப் பதிகத்தில் வாய்விட்டுக் கேட்கிறாள். ஒவ்வொரு பாசுரத்தின் முற்பாதியும் இப்படிப்பட்டவனைக் கண்டீர்களா என்று வினவ, பிற்பாதி அவனை விருந்தாவனத்தில் கண்டோம் என்று விடையளிக்கிறது. அதற்கு முந்தைய பதிகங்களெல்லாம் விடை வராத ஏக்கமாகவே செல்ல, நூலை முடிக்கும்போது மட்டும் வினாவும் விடையும் ஒரே பாசுரத்தில் கூடுகின்றன. திருப்பாவையின் 15ஆம் பாசுரத்திலும் வீட்டுக்குள் இருக்கும் பெண்ணும் வாசலில் நிற்கும் பெண்களும் சொல்லுக்குச் சொல் மல்லிட்டு உரையாடுகின்றனர். தந்தையின் பதிகத்தை அறிந்தே மகள் விடைப்பதிகம் இயற்றினாள் என்பதற்குத் தனிச் சான்று இல்லை. ஆயினும் ஒரே வீட்டில் ஒரே கண்ணனைப் பாடிய இருவருள் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பியிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

தந்தை மகளுக்கு அளித்த மறுமொழியும் ஒன்று உண்டு. தமிழில் பெற்றோர் பாடிய பாட்டுகளுள் அதற்கு நிகராகச் சொல்லத்தக்கவை மிகச் சில. மூன்றாம் பத்தின் எட்டாம் பதிகத்தில் தாயொருத்தி, பொய்கையிலுள்ள தாமரைகள் பனியில் கருகி வெறுமையானதுபோல் வீடு வெறிச்சோடிக் கிடப்பதைச் சொல்லி, தனக்கிருந்த ஒரே மகளைத் திருமகளைப் போல் வளர்த்ததையும் அவளைத் திருமால் கொண்டுபோய்விட்டதையும் கூறி, மாமியார் அவளை எப்படி நடத்துவாளோ, அவர்கள் வீட்டில் தயிர்கடையும் கயிறு இழுத்துக் கை தழும்பேறிப் போகுமோ என்று கலங்குகிறாள். ஆண்டாள் திருவரங்கம் சென்று இறைவனோடு கலந்தபின் பெரியாழ்வார் பாடியது இது என்று மரபு கொள்கிறது. அகத்திணையில் செவிலி புலம்பும் பழைய துறையே இது என்று கூறுவோரும் உளர். இரண்டும் உண்மையாயிருக்கத் தடையில்லை. பழைய துறை ஒன்று தன் வீட்டிலேயே நிகழ்ந்துவிட்ட ஒருவர் அதைப் பாடும்போது துறை துறையாக நிற்பதில்லை.

விட்டுசித்தர் இசையறிந்தவர் என்பதற்குக் குழலூதும் பதிகம் போதும். கண்ணன் குழலெடுத்தபோது நாரதனும் தும்புருவும் தம் வீணையை மறந்தனர். மான்கள் மேய்ச்சலை மறக்க, மென்ற புல் கடைவாயில் தொங்கியது. கின்னர மிதுனங்கள், அதாவது வானுலகின் ஆண்பெண் இணைப்பாடகர்கள், இனித் தம் கின்னரத்தைத் தொடுவதில்லை என்று சூளுரைத்தனர். புகழ்பெற்ற ஓர் இணை தம்மினும் மேலான இசை கேட்டுக் கருவியைக் கீழே வைக்கும் அக்காட்சியைப் படைத்தவர், தம் காலத்துப் பாணரையும் விறலியரையும் அருகிருந்து பார்த்தவராகவே இருக்க வேண்டும்.

இப்பாடல்கள் பின்பு கடந்த வழி நெடியது. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி நாதமுனிகள் ஆழ்வார் பாசுரங்களை நாலாயிரமாகத் தொகுத்து, பண்ணும் தாளமும் அமைத்து, தம் மருமக்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் என்னும் இருவருக்குக் கற்பித்தார். இங்கும் இசை இருவர் வாயிலாகவே பரவியது நினைக்கத்தக்கது. அவ்வழியில் வந்ததாகக் கருதப்படும் அரையர் சேவை இன்று தமிழகத்தில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, வில்லிபுத்தூர் ஆகிய மூன்று கோயில்களில் எஞ்சியிருக்கிறது. கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் செப்புத் தாளம் ஏந்தி, பாசுரத்தைப் பாடி, அதற்கு அபிநயம் பிடித்து, உரையையும் ஒப்புவிக்கும் இக்கலை தந்தைவழி மக்களுக்கே கற்பிக்கப்படுவதால், கற்போர் குறைந்து நலியும் நிலையில் உள்ளது. உரை மரபிலும் ஓர் இழப்பு நேர்ந்தது. நாலாயிரத்திற்கும் உரைகண்ட பெரியவாச்சான் பிள்ளையின் பெரியாழ்வார் திருமொழி உரையில் பெரும்பகுதி அழிந்துபோக, மணவாள மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் தாம் உரை எழுதி, பழைய உரை எஞ்சிய இடத்தில் தம் எழுத்தை நிறுத்திக்கொண்டார். முன்னோர் சொல்லின்மேல் அத்தகைய மதிப்பு இருந்த காலம் அது.

தமிழுக்கு வெளியே இவ்வீட்டின் கதையைப் பெருங்காப்பியமாக்கியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தெலுங்கில் இயற்றிய ஆமுக்தமால்யதா விட்டுசித்தரையும் கோதையையும் மையமாகக் கொண்டது. அதன் புகழ்பெற்ற பகுதிகளுள் ஒன்று மழைக்கால வருணனை என்பதை, பிளவக்கல் மழையைக் கண்டு வந்த பயணி மகிழ்ச்சியோடு நினைவுகூரலாம். கடல்கடந்து சயாம் நாட்டு அரசவைப் பிராமணரிடம் திருவெம்பாவையும் திருப்பாவையும் மார்கழி–தை விழாவோடு சென்று சேர்ந்து, திரியம்பாவாய் என்னும் பெயரில் நிலைத்தன. இருபதாம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் இராகம் அமைக்க, எம். எல். வசந்தகுமாரியின் குரலில் அவை வானொலியும் ஒலிநாடாவும் வழியாக வீடுகளைச் சென்றடைந்தன. 1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய திருமால் பெருமை திரைப்படத்தில் சிவாஜி கணேசன் பெரியாழ்வாராக நடித்தார்.

இத்தனை பரவலிலும் ஒரு சாய்வு இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. மகளின் முப்பது பாசுரங்கள் உலகெங்கும் செல்ல, அவளுடைய மற்ற 143 பாசுரங்கள், திருமணங்களில் ஓதப்படும் வாரணமாயிரம் நீங்கலாக, மேடைக்கு அரிதாகவே வருகின்றன. அவற்றின் உடல்மொழி பலரைத் தயங்கவைப்பது காரணமாகலாம். தந்தையின் நிலை இன்னும் மோசம். பல்லாண்டு நாள்தோறும் கோயிலில் ஓதப்பட, அவருடைய குழந்தைப் பாட்டுகள் பாடநூலில் ஓரிரு பாசுரங்களாகச் சுருங்கிவிட்டன. இருவரையும் ஒரே அரங்கில், ஒருவர் பதிகத்திற்கு மற்றவர் பதிகம் மறுமொழியாக வரும்படி பாடினால்தான் இவர்களின் இணைத்தன்மை விளங்கும். இசைவிழாக்கள் அதைச் செய்ய வேண்டும்.

வில்லிபுத்தூரிலிருந்து தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் நூற்பாலைகளின் நகரமான இராஜபாளையம் இருக்கிறது. அவ்வூரில் பிறந்தவர் நாட்டுப்புறப் பாடகர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவரும், இவருடைய கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகச் சென்று நடவுப்பாட்டு, ஏற்றப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி என்று ஆயிரக்கணக்கான பாடல்களைச் சேகரித்து, அவற்றைத் தாமே இணைந்து மேடைகளிலும் வானொலியிலும் ஒலிநாடாக்களிலும் பாடிப் பரப்பினர். ஒருவர் அடியெடுக்க மற்றவர் எதிரடி பாடும் அவர்களுடைய முறை, கேள்வியும் விடையுமாக வயலில் பெண்கள் பாடும் முறையே. 2018இல் இந்திய அரசு விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கல்விப்புலத்தில் இருந்தவர்கள் வயல்வெளிப் பாட்டைத் தாழ்வாகக் கருதாமல் அதன் வடிவத்தையே தங்கள் கலையாக ஏற்றது, தொட்டில் பாட்டையும் மணல்வீட்டு விளையாட்டையும் இறைப்பாட்டாக்கிய தந்தை மகளின் செயலோடு நேராக வைத்து எண்ணத்தக்கது. இரண்டு இணைகளுக்கும் இடையே பன்னிரண்டு நூற்றாண்டுகள் இருப்பினும் அவ்விரு இணையரும் நீர் மொண்ட கண்மாய் ஒன்றே.

இவ்விடங்களைக் காண விரும்புவோர் மார்கழியைத் தேர்வதே நன்று. அணையும் கண்மாய்களும் நிறைந்திருக்கும் அம்மாதத்தில், பகல்பத்து உற்சவம் தொடங்கும் நாளன்று ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வாரின் வழிவந்தோர் திருமாளிகைக்கு எழுந்தருள, பிறந்த வீட்டுக்கு வரும் மகளை வரவேற்பதற்காக அங்கே காய்கறிகளும் பழங்களும் குவித்துப் பரப்பப்படுகின்றன. பச்சை பரப்புதல் என்று வழங்கும் அச்சடங்கில் கத்தரியும் பூசணியும் கரும்பும் வாழையும் தரை தெரியாமல் கிடக்கும். அதன்பின் வரும் நாட்களில் அரையர் சேவையைக் கேட்கலாம். மார்கழியின் பிற்பகுதியில் எண்ணெய்க்காப்பு உற்சவத்தைக் காணலாம். காலையில் வத்திராயிருப்புப் பக்கம் சென்று வயல்களைப் பார்த்துவிட்டு மாலையில் கோயிலுக்குத் திரும்புவோர், பெரியாழ்வார் திருமொழியையும் நாச்சியார் திருமொழியையும் ஒன்றாகக் கையில் வைத்திருப்பார்களாயின், நான்காம் பத்தின் முதற்பதிகத்தையும் மகளின் கடைசிப் பதிகத்தையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படிக்கலாம். இருவர் படித்தால் இன்னும் நன்று.